முந்நூற்று முப்பது கிராம்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு அங்கன்வாடிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்கிற செய்தி சுகிர்தம் டீச்சருக்கு மே மாதக் கடைசியில்தான் தெரியவந்தது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஏசி ஹாலில் வைத்துச் சொன்னார்கள். பெரியவர்கள் எல்லோரும் முயன்று பார்த்துக் கைவிட்டபின், இனி மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள்தான் மிச்சம் என்று மேலிடத்தில் முடிவாகியிருக்க வேண்டும்.

சொன்னவள் அனன்யா. சென்னையில் ‘பசுந்தளிர்’ என்றொரு அறக்கட்டளையிலிருந்து வந்திருந்தாள். இருபத்தாறு வயது, கைத்தறிச் சேலை, காதில் தேங்காய்ச் சிரட்டையைச் செதுக்கிச் செய்த கம்மல். ‘சஸ்டெய்னபிலிட்டி’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் பின்னால் திரையில் ஒரு பச்சை இலை விழுந்தது. மத்தியானத்துக்குள் ஒரு முழு மரம் மொட்டையாகிற அளவுக்கு இலை விழுந்து முடிந்தது.

சாரம் இவ்வளவுதான். பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கழுவிக் காயவைத்து, பொடிப்பொடியாக வெட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குள் கம்பால் இடித்துத் திணிக்க வேண்டும். திணிக்கத் திணிக்கப் பாட்டில் கல்லாகிவிடும். அப்படி நாற்பது கல்லை அடுக்கிச் சிமெண்டு பூசினால் பிள்ளைகள் உட்கார ஒரு பெஞ்சு. ஜூன் ஐந்து, சுற்றுச்சூழல் நாளன்று திறப்பு விழா.

“ஒரு பாட்டில் கரெக்டா முந்நூத்தி முப்பது கிராம் வரணும் மேம். அதுக்குக் கீழ இருந்தா அது பிரிக் கிடையாது, வெறும் குப்பை,” என்றாள் அனன்யா.

பின்வரிசையில் இலத்தூர்க்காரி ஒருத்தி எழுந்து, “வீட்டுல குப்பையே இல்லாத பிள்ளைய என்ன செய்ய மேடம்?” என்று கேட்டாள்.

“அப்படி ஒரு வீடு இருந்தா அட்ரஸ் குடுங்க, அவார்டே குடுத்துடலாம்.”

ஹாலே சிரித்தது. சுகிர்தமும் சிரித்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர்மார் எல்லோரும் தங்களுக்குத் தந்த தண்ணீர் பாட்டில்களைக் கைகழுவும் தொட்டியில் மளமளவென்று கவிழ்த்தார்கள். குடிக்க நேரமில்லை, நாற்பது காலி பாட்டிலுக்கு எங்கே போவது? ஆக, பூமியைக் காக்கும் திருப்பணி அறுபது லிட்டர் குடிதண்ணீரைச் சாக்கடையில் ஊற்றித் தொடங்கியது.

சுகிர்தத்தின் மையம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் வலதுபக்கம் இறங்கும் தெருவில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு வேப்பங்கன்று, பத்தொன்பது பிள்ளைகள். சமைக்கவும் பிள்ளைகளைக் கழுவிவிடவும் உதவியாளர் ஷமீம் பானு. சுகிர்தத்துக்கு இருபத்தேழு வருடச் சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். அந்தத் தெருவில் இப்போது கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருப்பவர்களில் பாதிப்பேர் அவளிடம் ‘அம்மா, இலை’ படித்தவர்கள்.

பாட்டிலின் எடையைப் பார்க்கத் தராசு வேண்டுமே. மையத்தில் இருந்தது பிள்ளைகளை மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்றுதான். பிள்ளையை நிறுத்த தராசில் பாட்டிலை நிறுத்தார்கள். பிள்ளையின் எடையைப் போலவே பாட்டிலின் எடையையும் போனில் ஏற்றி, மாவட்ட வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பவேண்டும். இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நான்கு வயது சுடலைமுத்து பன்னிரண்டு கிலோவில் நின்று, பெயருக்கு நேரே எடைக்குறைவுக்கான மஞ்சள் விழுந்து எட்டு மாதமாகிறது. யாரும் போன் பண்ணிக் கேட்டதில்லை. பதினோராம் நம்பர் பாட்டில் இருபது கிராம் குறைந்ததற்கு அன்று சாயந்திரமே போன் வந்துவிட்டது.

பிளாஸ்டிக் கொண்டுவரும் பிள்ளைக்கு நெற்றியில் ஒரு பச்சை ஸ்டார். சுவரில் பெயர் எழுதிய அட்டையில் இன்னொரு ஸ்டார். இது அனன்யாவின் ஏற்பாடு. பிள்ளைகள் இரண்டே நாளில் ருசி கண்டுவிட்டார்கள். மிக்சர் கவர், ஷாம்பு கவர், பிஸ்கட் கவர் என்று வந்து குவிந்தது. மூன்றாம் நாள் ஒரு பிள்ளை கவருக்காகவே பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குச் சிப்ஸ் வாங்கி, சிப்ஸை வாசலில் கோழிக்குக் கொட்டிவிட்டுக் கவரோடு வந்தாள். அவளுக்கு இரண்டு ஸ்டார்.

அட்டையில் ஒரே ஒரு பெயருக்கு நேரே ஸ்டார் இல்லை. சுடலைமுத்து.

அவன் வீடு சுகிர்தத்துக்குத் தெரியும். அவன் அம்மா முப்பிடாதி பீடி சுற்றுகிறவள். அப்பன் புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை, மாதத்துக்கு ஒருதடவை வருவான். அந்த வீட்டில் எண்ணெய் வந்த பாக்கெட் கழுவிக் காயப்போட்டால் உப்புப் பையாகும். உப்புப் பை கிழிந்தால் பானை மூடிக்குச் சுற்றுகிற வாராகும். வாரும் இற்றுப்போனால் அடுப்பு பற்றவைக்க உதவும். எறிவதற்கென்று அந்த வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. அனன்யா அவார்டு தருகிறேன் என்று சொன்ன அந்த முகவரி இதுதான். ஆனால் அட்டையில் அவார்டுக்கு இடமில்லை, ஸ்டாருக்குத்தான் இடமிருந்தது.

நாலாம் நாள் பையன் சத்துணவுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏலே முத்து, தின்னுலே. முட்டை ஆறுதுல்லா,” என்றாள் பானு.

“எனக்கு ஸ்டார் எங்க?”

“நீ ஒண்ணும் கொண்டாரலைல்லா,” என்றாள் சுகிர்தம். பிறகு, சமாதானத்துக்கு, “வீட்டுல சும்மா கெடக்கது ஏதாச்சும் கொண்டா. சின்னதாப் போதும். டீச்சர் ஸ்டார் தாரேன்,” என்றாள்.

மறுநாள் காலையில் அவன் கை கொள்ளாமல் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான். ரோஸ் நிற மழைக்கோட்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகிறது. தொப்பியில் இரண்டு முயல் காது.

சுகிர்தம் அதைக் கையில் வாங்கினாள். காலரைத் திருப்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. இருந்தும் திருப்பினாள். ‘மகிஷா’ என்று கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது. அவள் எழுதியதுதான். மூன்று வருடம் முன்னால் சீசன் மழை சமயத்தில் பிள்ளைகளின் கோட்டெல்லாம் ஒன்றோடொன்று மாறிப்போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றிலும் பெயரெழுதினாள். அந்த வருடமே ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் மகிஷா போய்விட்டாள். அப்போது சுடலைமுத்து தவழ்ந்து முடித்து நடந்துகொண்டிருந்தான். அக்காவைப் பற்றி அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

“அம்மா குடுத்து விட்டாளாலே?”

பையன் தலையாட்டினான்.

நாலு வயதுப் பிள்ளையின் தலையாட்டலுக்கு என்ன மதிப்பென்று இருபத்தேழு வருடம் பால்வாடி நடத்தியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘சாப்பிட்டாயா’ என்றாலும் ஆட்டும், ‘சாப்பிடவில்லையா’ என்றாலும் ஆட்டும். பையனின் வீடு எதிர்வீடுதான். நாற்பது எட்டு நடை. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் பாட்டில் முப்பத்தொன்பதும் நாற்பதும் எடை போதாமல் தராசுக்குப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் சேர்த்து எண்பது கிராம் குறைவு. சிமெண்டுவேலைக்குப் பரமசிவன் கொத்தனார் பத்து மணிக்கு வருகிறார். காலையிலிருந்து மாவட்டக் குழுவில் மற்ற மையத்துக்காரிகள் ‘நாற்பதும் முடிந்தது’ என்று கைகூப்பும் படத்தோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சுகிர்தத்தின் மனதில் ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. இம்மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுகிற நல்ல எண்ணம்தான். முப்பிடாதி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். கண்ணில் படாமல் போகட்டும் என்று அவளேதான் கொடுத்துவிட்டிருப்பாள். பாவம், அதுவும் நல்லதுக்குத்தான்.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

பானு மாத்திரம் சமையல்கட்டு வாசலில் நின்று, “டீச்சர், அது அந்தப் பிள்ளை கோட்டுல்லா?” என்றாள்.

“அவதான் குடுத்து விட்டிருக்கா.”

பானு உள்ளே போய்ப் பருப்பைக் கிண்டினாள்.

முயல் காது முதலில் போயிற்று. பிறகு கை, பிறகு முதுகு. காலர் தடிமனாக இருந்ததால் நாலாக வெட்ட வேண்டியிருந்தது. சுடலைமுத்து கம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பாட்டிலுக்குள் இடி இடியென்று இடித்தான். முந்நூற்று முப்பத்திரண்டு கிராம். முந்நூற்று முப்பத்தைந்து கிராம். நெற்றியில் ஸ்டார் ஒட்டியதும் பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, தட்டில் இருந்ததையெல்லாம் தின்று முடித்தான்.

பரமசிவன் கொத்தனார் பாட்டில்களின் அடிப்பக்கம் வெளியே தெரிகிறமாதிரி வைத்துப் பூசினார். பெஞ்சின் முன்புறம் வட்டம் வட்டமாகக் கண்ணாடிக் கண் மாதிரி இருந்தது. கீழ்வரிசையின் நடுவில் இரண்டு கண் ரோஸ். பெஞ்சு ஆறடி. அதில் நாலடிக்குச் சிமெண்டு உபயதாரரின் பெயர் பொறித்த கிரானைட் கல். உபயதாரர் ‘குளிர்சாரல் நண்பர்கள் மன்ற’த் தலைவர் ராகவேந்திரன், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். பிள்ளைகள் உட்காருகிறபோது கால் படாத உயரத்தில் கல்லைப் பதிக்கும்படி அவர் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சிமெண்டு இறுகட்டும் என்று விழாவரைக்கும் பெஞ்சை ஈரச்சாக்கால் மூடி வைத்தார்கள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புதன்கிழமை, அந்த வருடத்து முதல் சாரல் இறங்கியது. மலை மறைந்து, தெருவெல்லாம் ஈரக்காற்று. முப்பிடாதி முந்தானையைப் பையன் தலையில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். பையனை உள்ளே விட்டாள். உடனே போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், இவன் ஏதும் ரோஸ் கோட்டு ஒண்ணு இங்கன தூக்கியாந்தானா?”

சுகிர்தம் மேசையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தாள்.

“கோட்டா?”

“மகிஷாக்குட்டியோடது. டிரங்குப் பெட்டில வச்சிருந்தேன், காணல. இவன்ட்ட கேட்டா எல்லாத்துக்கும் தலைய ஆட்டுதான். எலி கொண்டு போச்சாலேன்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டுதான்.” முப்பிடாதி லேசாகச் சிரித்தாள். “இந்த வருசம் இவனுக்குச் சரியா இருக்கும் டீச்சர். போன வருசம் போட்டுப் பாத்தேன், கால்ல தடுக்குச்சி. எத்தன நாளைக்கி எடுத்து எடுத்து மோந்து பாத்துட்டு வைக்க? மழை வந்தா இவனுக்குப் போட்டுவிட்டுருவோம், அவ கோட்டு தெருவுல ஓடட்டும், நான் பாத்துக்கிட்டு இருக்கலாம்னு நெனச்சேன்.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ‘நான் வெட்டிட்டேன் முப்பிடாதி’. மூன்று வார்த்தை.

“சாமான் ரூம்ல கெடக்கும்,” என்றாள் சுகிர்தம். “விழா வேலை தலைக்கு மேல கெடக்கு. பொறவு பாக்குதேன்.”

“பைய பாருங்க. அவசரமில்ல. எங்கயும் போயிராதுல்லா, உங்ககிட்டதான இருக்கு.”

அவள் எதிர்வீட்டுக்குள் நுழைந்ததும் சுகிர்தம் பரமசிவனுக்குப் போன் பண்ணினாள்.

“அண்ணாச்சி, அந்தப் பெஞ்சுல ரெண்டு பாட்டில மட்டும் உருவ முடியுமா?”

“எந்த ரெண்டு?”

“கீழ் வரிசைல, நடுவுல.”

“நல்லா எடம் பாத்தீங்க. அத உருவினா மேல இருக்கது அம்புட்டும் உக்காந்துரும் டீச்சரம்மா. தலைவர் பேரு முதல்ல விழும். விழா முடியட்டும், அப்புறம் என்னத்தையும் உருவுங்க.”

வெள்ளிக்கிழமை விழா. ‘பிளாஸ்டிக் இல்லாப் புவி, மழலையர் கையில்’ என்று இருபதடிக்குப் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மழைக்கு அது நனையக்கூடாதென்று அதன் மேல் பாலித்தீன் தாள். பிள்ளைகள் தலையில் பச்சைக் காகிதத்தில் இலைக் கிரீடம். சாரலில் சாயம் கரைந்து எல்லோரும் பச்சை நெற்றியோடு நின்றார்கள். திட்ட அலுவலர் வர ஒன்றரை மணி நேரமானது. ராகவேந்திரன், வருங்காலச் சந்ததிக்கு நாம் எதை விட்டுச்செல்கிறோம் என்பதைப் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். வருங்காலச் சந்ததியில் இரண்டு பேர் அதற்குள் கால்சட்டையில் ஒன்றுக்குப் போய், பானு தூக்கிக்கொண்டு போய்க் கழுவினாள்.

தாய்மார் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. முப்பிடாதி கடைசியில், குடையில்லாமல் நின்றாள். அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை. கூட்டம் மறைத்திருந்தது.

ரிப்பன் வெட்டியானதும் அனன்யா ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் போனுமாகப் பிள்ளைகள் பக்கம் குனிந்தாள். “உங்கள்ள யாரு பாட்டில் எது? யாரு காட்டுறீங்க?”

சுடலைமுத்துவுக்குத் தன் வாழ்நாளில் பதில் தெரிந்த முதல் கேள்வி அது. ஓடிவந்து கீழ்வரிசை ரோஸ் வட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

“இது எங்க அக்கா கோட்டு.”

“வாவ். அக்கா கோட்டா? அக்கா வந்திருக்காங்களா?”

“செத்துப்போயிட்டா,” என்றான் பையன். முட்டை சாப்பிட்டேன் என்று சொல்கிற அதே குரலில்.

அனன்யாவின் கண் சட்டென்று நிரம்பிவிட்டது. அவளைக் குறைசொல்வதற்கில்லை, அந்த அழுகையில் பொய்யில்லை. ஆனால் போன் பிடித்த கை மட்டும் அசையவேயில்லை.

“இவனோட அம்மா இருக்காங்களா?”

பெண்கள் முப்பிடாதியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் பெஞ்சருகே வந்து நின்றாள். மகனின் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்தும் பார்த்தாள். பாட்டிலின் அடியில், பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, ஒரு முயல் காதின் நுனி தெரிந்தது.

“அம்மா, மகளோட ஞாபகத்தையே இந்த பூமிக்காகக் குடுத்துட்டீங்க,” என்றாள் அனன்யா. “நீங்களா மனசு வந்து குடுத்தீங்களாம்மா? ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

முப்பிடாதி நிமிர்ந்து சுகிர்தத்தைப் பார்த்தாள்.

சுகிர்தத்திடம் வார்த்தை தயாராக இருந்தது. புதன்கிழமையிலிருந்து வாய்க்குள்ளேயே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த வார்த்தை. திட்ட அலுவலர் நாற்காலியில் இருந்து திரும்பிப் பார்த்தார். ராகவேந்திரன் பொன்னாடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் மூன்று வருடம். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“ஆமா,” என்றாள் முப்பிடாதி. “டீச்சர் கேட்டாவ. நாந்தான் குடுத்து விட்டேன்.”

“அப்படியா டீச்சர்?” என்றார் திட்ட அலுவலர்.

சுகிர்தம் தலையாட்டினாள்.

கைதட்டல் எழுந்தது. ராகவேந்திரன் திட்ட அலுவலருக்கென்று வாங்கிய பொன்னாடையைப் பெருந்தன்மையோடு முப்பிடாதிக்குப் போர்த்தினார். அவசரத்தில் கவரைப் பிரிக்கவில்லை. கவரோடு அது அவள் தோளிலிருந்து வழுகிக் கீழே விழுந்தது. அதற்கும் ஒருமுறை கைதட்டினார்கள். பிறகு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாக்கெட் சிப்ஸ் கொடுத்தார்கள்.

எல்லாம் கலைந்தபின் தரையில் கிடந்த பத்தொன்பது காலிக் கவரையும் பானு பொறுக்கினாள். “அடுத்த பெஞ்சுக்கு ஆச்சு டீச்சர்,” என்றாள். சுகிர்தத்தின் முகத்தைப் பார்த்ததும், கவரைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

திங்கட்கிழமை சுடலைமுத்து வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. சுகிர்தம் வாசலில் நின்றால் எதிர்வீட்டுக் கதவு தெரியும். நாற்பது எட்டு. அதை அவள் ஒருதடவைகூடக் கடக்கவில்லை. முப்பிடாதி வாசலைத் தெளிக்க வருவாள், இவளைப் பார்த்தால் வழக்கம்போல் “டீச்சர்” என்பாள், உள்ளே போய்விடுவாள். அந்த ஒரு சொல்லில் கோபம் துளி கிடையாது. ஒரு வசவு வந்திருந்தால் சுகிர்தம் அதைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்திருப்பாள்.

இதற்குள் வீடியோ மாவட்டம் முழுக்கச் சுற்றியது. பின்னணிக்குப் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள். ‘அங்கன்வாடியில் பூத்த தியாகம்’ என்று தலைப்பு. புதன்கிழமை அனன்யா கூப்பிட்டாள்.

“மேம், உங்க பெஞ்சுதான் ஸ்டேட் லெவல் செமினாருக்குப் போகுது. அந்த அம்மாவையும் கூட்டிட்டு நீங்க மேடையில அப்படியே அந்த ஸ்டோரிய சொல்லணும். அவங்க அந்த மொமென்ட்ல சொன்னமாதிரியே சொன்னாப் போதும்.”

சுகிர்தம் போனை வைத்தாள். கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஐம்பத்தேழு வயசுக்காரி. முதல் இரண்டு குத்துக்குக் கிரானைட் கல்லில் வெள்ளைக் கீறல்தான் விழுந்தது. பிள்ளைகள் ஜன்னலில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பானு வந்து கடப்பாரையின் மறுபாதியைப் பிடித்தாள். ராகவேந்திரன் சாய்ந்தபின் மற்றது எளிதாக வந்தது. சிமெண்டும் அவ்வளவு நல்ல சிமெண்டாக இல்லை.

மெமோ மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. அரசு வளாகத்தில் பொதுமக்கள் பங்களிப்புடன் உருவாக்கப்பட்ட கட்டுமானத்தைச் சேதப்படுத்தியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும். மேலும், பதினைந்து நாட்களுக்குள் நாற்பது புதிய பாட்டில்களைக் கொண்டு பெஞ்சை மீண்டும் கட்டிப் புகைப்படம் அனுப்பவேண்டும்.

அன்று சாயந்திரம் சுகிர்தம் இரண்டு பாட்டிலையும் கத்தியால் கீறி, உள்ளிருந்ததை ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

முப்பிடாதி பீடியிலை பரப்பிய சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். “வாங்க டீச்சர்,” என்று நகர்ந்து இடம் விட்டாள். பையன் மூலையில் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

சுகிர்தம் முந்தானையை எடுத்தாள். முப்பிடாதி தாம்பாளத்தைப் பார்த்தாள்.

“பெஞ்ச ஒடச்சிட்டீங்களா?”

“ஆமா.”

“மெமோ தருவானே.”

“தந்துட்டான்.” சுகிர்தம் சொளவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அன்னைக்கு இவன் தலையாட்டினது பொய்யின்னு எனக்குத் தெரியும் முப்பிடாதி. நீ குடுத்து விடல்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் வெட்டினேன். பாட்டில் எடை கொறஞ்சிச்சு.”

முப்பிடாதி கையிலிருந்த பீடிக்கு நூலைச் சுற்றி முடித்தாள். நுனியை மடக்கினாள். பீடிக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.

“எவ்வளவு கொறஞ்சிச்சு?”

“எண்பது கிராம்.”

“எண்பது கிராம்,” என்று முப்பிடாதி சொன்னாள். கேள்வியாகச் சொல்லவில்லை. மளிகைக் கடையில் சொன்னதைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு கைக்குள் ஒரு குத்துத் துண்டுகளை அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அந்தத் துண்டுகளோடு பத்து நாளாக ஒரே பாட்டிலில் கிடந்தவை மசாலா சிப்ஸ் கவரும் சீயக்காய்ப் பொடிக் கவரும். அவள் கையைத் தாழ்த்தித் துண்டுகளை மறுபடி தாம்பாளத்தில் போட்டாள்.

“ரோஸ் மட்டும் எடுத்துக்கிடுதேன்,” என்றாள்.

மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தார்கள். சுடலைமுத்துவுக்கு அது மையத்தில் நடக்கிற விளையாட்டில் ஒன்றாகப் பட்டது. ரோஸ் இங்கே, மற்றது அங்கே. சீக்கிரம் பிடித்துக்கொண்டான், பெரியவர்கள் விட்டதைக்கூட அவன் விரல் கண்டுபிடித்தது. “ஸ்டார் உண்டா டீச்சர்?” என்று ஒருதடவை கேட்டான். முப்பிடாதி அவன் தலையைத் தடவி, “வேலையைப் பாருலே,” என்றாள்.

ரோஸ் துண்டுகள் ஒரு சின்னக் குவியலாயின. கோட்டாக இருந்தபோது பிள்ளையின் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் மூடியது. இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட நிறையவில்லை. முப்பிடாதி அதைப் பழைய துணியில் கொட்டி முடிந்து, டிரங்குப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“திங்கக்கிழமைலருந்து இவன அனுப்புதேன் டீச்சர். வீட்டுல இருந்தா முட்டைக்கு எங்க போக? ஏற்கெனவே மெலிஞ்சி போய்க் கெடக்கான்.”

“அனுப்பு.”

“ஒண்ணே ஒண்ணுதான்.” சொளவை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “அவன்ட்ட எதையும் கொண்டான்னு மட்டும் சொல்லாதீங்க. அவன் கொண்டாந்துருவான்.”

சுகிர்தம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதில் மிச்சமிருந்தது ஊராருடைய மிக்சர் கவரும் ஷாம்பு கவரும். வெளியே சாரல் வலுத்து மழையாகியிருந்தது. எந்த வீட்டு வாசலிலிருந்து யார் மழையில் இறங்கினாலும், ‘மழை விட்ட பொறவு போலாம்லா’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தத் தெருவில் யாரும் அனுப்பியதில்லை. சண்டைக்காரிகளும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மறுநாள் சண்டையைத் தொடர்வார்கள். சுகிர்தம் நிலைப்படியில் கொஞ்சநேரம் நின்றாள். உள்ளே பீடியிலையைக் கத்தரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் இறங்கி நடந்தாள்.